கவ்ரிலாவின் பெயர் ஒன்பது முறை

க்ளோதேனி ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டும் பராஸ்காவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட வண்டி தாமதமானதில்லை என்பது முதலாவது. பனி முழங்கால் வரை விழுந்த ஒரு ஜனவரியில் வண்டி நேரத்துக்குப் போய் நின்றது. பள்ளிக்கூடம்தான் அரைமணி தாமதமாகத் திறந்தது. கணவனை மந்திரம் போட்டு வரவழைத்தவள் தான் என்பது இரண்டாவது.

முதலாவதை ஊர் ஒப்புக்கொள்கிறது. இரண்டாவதையும், அவள் கணவன் காதில் விழாமல், ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள், வரவழைக்கப்பட்ட கவ்ரிலா.

"நான் என் கால்ல நடந்து வந்தேன்," என்பான்.

"கால் உன்னுது. நடக்க வெச்சது யாரு?" என்பாள்.

இருபத்தொன்பது வருடமாக, வீட்டுக்கு யார் விருந்து வந்தாலும், முதல் கோப்பை ஹொரின்கா தொண்டையில் இறங்கியதும் இந்த வழக்கு மேசைக்கு வந்துவிடும். பிளம் பழத்தில் காய்ச்சும் அந்தச் சரக்கு எப்படிப்பட்டவனையும் நீதிபதியாக்கக்கூடியது. ஆனாலும் இந்த வழக்கில் மட்டும் தீர்ப்புச் சொல்ல யாரும் துணிந்ததில்லை. கவ்ரிலா மோட்டார் ரம்பம் பழுதுபார்ப்பவன். கொசாவ் பள்ளத்தாக்கில் அவன் கை பட்ட ரம்பம் திரும்பிப் பழுதுக்கு வந்ததில்லை என்று பெயர். பராஸ்கா பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவள். விறகும் வேண்டும், படிப்பும் வேண்டும். யாரைப் பகைத்துக்கொள்வது?

மரம் வெட்டும் தியோதோரின் மகள் பராஸ்கா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகெத் நகரத்து ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான், ஒன்பது வருடத்தில் ஒரு முழுச்சட்டை தைத்ததில்லை என்பது அவளுக்கு இன்றும் குறை. பிறகு ஆலை மூடியது. ஊர்ப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனான். முப்பத்தாறு வயதில் பராஸ்கா போய்ப் பெரிய வண்டி உரிமத்துக்கு எழுதிக்கொடுத்தாள். தேர்வு வைத்த அதிகாரி அவளுடைய பூப்போட்ட தலைத்துணியைப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸ்ல பின்னாடி பாத்து ஓட்டணும், தெரியுமா அக்கா?" என்றாராம். "மாமியாரோட பதினோரு வருஷம் இருந்தவ சார். பின்னாடி பாக்காம நான் ஒரு அடி எடுத்து வெச்சதில்ல," என்றாளாம். உரிமம் கிடைத்தது.

அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. வண்டியின் சக்கர விளிம்புகூட சோளக்களி பரிமாறலாம் என்ற அளவுக்குத் துடைத்திருக்கும். மந்திரமும் அப்படித்தான்.

மந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. கேட்டு வாங்கிய மந்திரம் வெறும் வார்த்தை. கொடுத்தவளிடமும் பலிக்காது, வாங்கியவளிடமும் பலிக்காது. திருட வேண்டும். வைத்திருப்பவள், மறந்துபோகாமலிருக்க வெள்ளிக்கிழமைகளில் தனக்குத்தானே முணுமுணுக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் ஒளிந்து நின்று, காதால் களவாட வேண்டும். பராஸ்கா இருபத்திரண்டு வயதில் பக்கத்து வீட்டு ஓதோக்கியாவிடமிருந்து திருடினாள். பிளம் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், காஞ்சொறிச் செடிக்கு நடுவில், மூன்று வெள்ளிக்கிழமை நின்றாள். கால் இரண்டும் தடித்துப்போயின. நான்காவது வரியில் ஓதோக்கியாவுக்கு இருமல் வரும். அந்த ஒரு சொல்லைப் பிடிக்கத்தான் மூன்றாவது வெள்ளி தேவைப்பட்டது.

பலிக்க வேண்டுமென்றால், ஜூன் கடைசியில் வரும் சன்சியானா திருநாள் விடியலில், பெண்கள் மஞ்சள் பூ வளையங்களைக் கூரைமேல் எறிவதற்கு முன்பாக, அன்று யாரும் தொட்டிராத ஊற்றுத் தண்ணீரை எடுத்து வரவேண்டும். வழியில் யாரோடும் பேசக்கூடாது. அதில் திருநீற்றுப்பச்சைக் கொத்தை முக்கி மந்திரத்தைச் சொல்லி முகம் கழுவ வேண்டும். பாதிரியார் வீடு வீடாகப் புனித நீர் தெளிப்பதும் அதே செடியால்தான். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பராஸ்கா மந்திரம் போட்ட பாவத்தை அவரிடம் ஒப்புவிப்பாள். அவர் முப்பது முறை நெற்றி தரையில் பட வணங்கச் சொல்வார். அவள் முப்பத்தொன்றாக வணங்குவாள், எண்ணிக்கையில் பிசகியிருந்தால் கடவுள் குறை சொல்லக்கூடாது என்று. எங்கள் திருச்சபையில் பாதிரியார்களுக்குக் குடும்பம் உண்டு; பாதிரியாரின் மனைவி தன் தங்கைக்காக ஒருமுறை பேருந்துக் கொட்டகைப் பக்கம் ஒளிந்து நின்றது தனிக் கதை.

இந்தக் கதை நடந்த வருடம் ஏப்ரலில், க்ளூஜ் நகரத்திலிருந்து வந்த ஒரு சிறிய கார், ஊருக்கு வெளியே கதவு வரை சேற்றில் இறங்கிவிட்டது. உள்ளே சபீனா. முப்பது வயதுக்காரி. பழைய மந்திரங்களையும் ஒப்பாரிகளையும் கணினித் தாளத்தோடு கோத்துப் பாடி, நாலைந்து நாடுகளில் இளைஞர்களைக் குதிக்கவைப்பவள். பராஸ்கா பேருந்தின் பின்னால் கயிறு கட்டி அவளை வெளியே இழுத்தாள். முகத்தில் தெறித்த சேற்றைத் துடைக்கக்கூட நிற்காமல் சபீனா கேட்டாள்:

"அக்கா, உங்க ஊர்ல காதல் மந்திரம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"யாருக்கா?"

"நான்தான். சொல்ல மாட்டேன்."

"பணம் வேணும்னா…"

"ஏம்மா, அதுக்கு நான் கறிக்கடையா வெச்சிருக்கேன், ஒரு கிலோ போடுன்னு கேக்க? திருடத் தெரிஞ்சா திருடிக்கோ."

சபீனா படித்தவள், இந்த வழக்கத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாற்பது பக்கம் எழுதியவள். ஆனால் நாற்பது பக்கம் எழுதியவளுக்கு ஒளிந்து நிற்க வராது. அடுத்த வெள்ளி விடியலில் பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் டயர் அடுக்கில் பதுங்கினாள். பராஸ்கா வாளியோடு வந்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள்.

"எழுந்து வா. சிவப்பு ஷூ தெரியுது."

"பாக்காத மாதிரி சொல்லிடுங்கக்கா."

"பாத்தாச்சே. இனிமே சொன்னா இது திருட்டு இல்ல, விருந்து. உள்ள வா, காபி குடிச்சிட்டுப் போ."

இரண்டு முறை வந்தாள், இரண்டு முறை காபி குடித்துவிட்டுப் போனாள். இரண்டாம் தடவை கவ்ரிலாவும் மேசையில் இருந்தான். வழக்கமான வழக்கு வந்தது. அவன் காலால் வந்த கதையை அவனும், நடக்கவைத்த கதையை அவளும் சொன்னார்கள். சபீனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மே மாதம் முழுக்க வரவில்லை. பொண்ணு ஓய்ந்துவிட்டாள் என்று பராஸ்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜூலையில் திரும்பி வந்தாள். கவ்ரிலா பேருந்தின் மூக்குமேல் ஏறி வைப்பரை மாற்றிக்கொண்டிருந்தான். பராஸ்கா பார்த்துக்கொண்டிருக்க, சபீனா ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கருப்பு ஒலிப்பதிவுப் பெட்டியை ஒட்டுநாடாவோடு பிய்த்தெடுத்தாள்.

"சன்சியானாவுக்கு முந்தின சாயந்திரம், இங்கதான் சொல்லுவீங்கன்னு ஒரு ஊகத்துல வந்து ஒட்டினேன்கா. நீங்க மளிகைக் கடையில இருந்தீங்க. மறுநா மத்தியானமே சத்தத்த போன் வழியா எடுத்துட்டேன். பெட்டிய எடுக்கத்தான் இன்னிக்கு வந்தேன்."

பராஸ்காவுக்கு முகம் சிவந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. ஊற்றிலிருந்து தண்ணீரோடு வந்து, குளிருக்குப் பேருந்துக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் அவள் அன்று சொன்னாள். ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

"நெஜமாவே திருடிட்ட," என்றாள். "எனக்குத் துளி தெரியல. அடிப்பாவி, நல்லா திருடியிருக்க!"

இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது. சபீனா அதை வாங்கிக்கொண்டு, பாட்டைப் பேருந்தின் ஒலிபெருக்கியிலேயே போட்டாள். முதலில் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல ஒரு தாளம். அதன்மேல் பராஸ்காவின் கிசுகிசுப்பு, மூச்சு, தண்ணீர் தளும்பும் ஓசை.

*போ நெருப்புப் பாம்பே, ஒன்பது வேலி தாண்டிப் போ,*
*ஒன்பதாம் வேலிக்குள்ளே கவ்ரிலா இருப்பான்.*
*எடுத்த கரண்டி கையிலேயே நிற்கட்டும்,*
*கழற்றிய பூட்ஸ் ஒற்றையாய்க் கிடக்கட்டும்,*
*என் வாசல் மிதிக்கும்வரை, கவ்ரிலா,*
*உனக்கு எந்த வாசலும் வாசல் இல்லை.*

அந்த இடத்தில் சபீனாவின் சொந்தக் குரல் சேர்ந்தது. "கவ்ரிலா" என்று அவள் நீட்டிப் பாட, தாளம் அதை வாங்கித் திருப்பி எறிந்தது. மொத்தம் ஒன்பது முறை.

பராஸ்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். தான் தைத்த காலர் முதல்முறையாக ஒரு முழுச்சட்டையில் இருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. பேருந்து முழுக்க அவள் குரல்.

பாட்டு முடிந்தபோது கவ்ரிலா கண்ணாடிக்கு வெளியே, கையில் வைப்பரோடு நின்றிருந்தான். கீழே இறங்கி வந்து படியில் ஒரு கால் வைத்தான்.

"இது எப்ப சொன்னது?"

"போன மாசம்."

"போன மாசமா? இருபத்தொம்போது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ சொன்னதாத்தானே இத்தன நாளா சொல்லிட்டிருந்த?"

பராஸ்கா ஸ்டியரிங்கைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள்.

"வருஷா வருஷம் சொல்றியா?"

"சும்மா… ஒரு பராமரிப்புக்கு."

"பராமரிப்பா!"

"பேருந்துக்கு வருஷா வருஷம் சோதனை எடுக்கலியா? வண்டி கெட்டுப்போச்சுன்னா எடுக்கறேன்?"

"நான் பேருந்தா?" என்றான் கவ்ரிலா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம்கூட இவன் தானா இருப்பான்னு உனக்குத் தோணல. இப்ப நாடு பூரா என் பேரச் சொல்லிச் சிரிக்கும், பொண்டாட்டி கயித்துல கட்டி வெச்சிருக்கா பார்னு. என் பேரை எடுத்துடு பொண்ணே."

பாட்டு வெளிவர இருவர் சம்மதமும் தேவை என்றாள் சபீனா. தலைநகர் புகாரெஸ்டில் இருக்கும் இசை நிறுவனம், குரலுக்கு உரியவரின் கையெழுத்தும், பெயருக்கு உரியவரின் கையெழுத்தும் இல்லாமல் எதையும் வெளியிடாதாம்.

"திருடின பொருளுக்கு ரசீதா?" என்றாள் பராஸ்கா. "இந்த நகரத்து ஆளுங்க திருட்டக்கூட ஒழுங்கா பண்ண விடமாட்டாங்க போலிருக்கு."

"வேற பேர் போட்டுக்கலாம்கா. இல்ல அந்த எடத்த வெறும் தாளமா விட்டுடலாம்."

பராஸ்கா எழுந்து நின்றுவிட்டாள். "வேற பேர் போட்டா பொய். பேரே இல்லாம விட்டா அந்தப் பாம்பு எங்க போகும்? ஒன்பது வேலி தாண்டிப் போய் கண்ணுல பட்டவன் வீட்டுக்குள்ள நுழையும். அரைகுறையா செஞ்சு என் பேர்ல நாட்டுக்குள்ள விட நான் ஆள் இல்ல. அந்தப் பேரோட போகும், இல்லன்னா போகாது."

"அப்ப போகாது," என்றான் கவ்ரிலா. வைப்பரைப் படியில் வைத்துவிட்டுப் போனான். ஒரு பக்கம்தான் மாட்டியிருந்தான்.

அவன் பட்டறையில் கட்டில் போட்டுக்கொண்டான். சாப்பாட்டை ஜன்னல் திண்டில் வைத்தால் எடுத்துச் சாப்பிட்டான். பாத்திரத்தைக் கழுவியும் வைத்தான். கரண்டி கையில் நிற்கவில்லை என்பதைக் காட்டவோ என்னவோ, வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டான். பேச்சு மட்டும் இல்லை. மூன்று வீட்டுக்கு அப்பால் மளிகைக் கடை வைத்திருக்கும் நஸ்தாகாவுக்கு இரண்டாம் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது.

"என்ன பராஸ்கா, பாம்பு திரும்பி ஓடுதாமே?"

"மாவு ஒரு கிலோ போடு."

"பேரை எடுக்காதடி. ஆனா யோசிச்சியா? க்ளூஜ்ல இருக்கற குட்டிங்கெல்லாம் ஒண்ணா நின்னு கவ்ரிலா கவ்ரிலான்னு பாடுனா? நீ ஒருத்தி கூப்பிட்டதுக்கே வந்தவன்."

"வருவான்னா வரட்டும். உப்பு ஒரு பாக்கெட்."

வெளியே அப்படிச் சொன்னாளே தவிர, வீட்டுக்குப் போய் அவள் உப்பையும் மாவையும் ஒரே டப்பாவில் கொட்டினாள். அவள் யோசித்தது க்ளூஜ் குட்டிகளைப் பற்றி இல்லை. அந்தப் பாட்டு போனால் தன் வாழ்நாளில் முழுசாகச் செய்த ஒரு காரியம் தன் குரலோடு ஊரெல்லாம் ஒலிக்கும். போகாவிட்டால் காலர் காலராகவே கிடக்கும். ஆனால் போகவேண்டுமென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனைச் சந்தியில் நிறுத்த வேண்டும். இருபத்தொன்பது வருடம் வழக்காடியவள்தான். ஜெயிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதுண்டு. அவன் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அவளுக்கே அந்த வாரம்தான் புரிந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், பட்டறைக்குப் போனாள். கவ்ரிலா ஒரு ரம்பத்தைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

"நாளைக்கு சபீனாவுக்கு போன் பண்ணப் போறேன். அழிச்சிடச் சொல்லப் போறேன். எல்லாத்தையும்."

அவன் நிமிரவில்லை. "பேரை மட்டுமா?"

"பேர் இல்லாம அது ஒண்ணுமில்ல. மொத்தமாத்தான். நீ உன் கால்லதான் வந்த, போதுமா? எனக்கு அந்தப் பாட்டு வேணாம். வந்து மேசையில சாப்பிடு."

அவள் திரும்பி வாசல் வரை போனாள். பின்னால் ஸ்க்ரூடிரைவர் மேசையில் விழும் சத்தம் கேட்டது.

"நில்லு," என்றான் கவ்ரிலா. "உங்கப்பாவோட ரஷ்ய ரம்பம் ஞாபகம் இருக்கா?"

"அந்தச் சனியனா? மறக்க முடியுமா? நம்ம கல்யாண வருஷம் பத்து நாளுக்கொரு தடவ நின்னுபோகும். அப்பா அதோட ஆத்தாவையெல்லாம் இழுத்துத் திட்டுவாரே."

"ரம்பத்துல ஒரு குத்தமும் இல்ல."

"என்ன சொல்ற?"

கவ்ரிலா கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "பிப்ரவரி மாசம் மொத தடவ கொண்டாந்தாரு. சரி பண்ணிக் கொண்டுபோய்க் குடுக்க வந்தப்ப நீ கெணத்தடியில நின்ன. காலர்ல கோத்த ஊசி நூலோட. அங்கயே, குடுக்கறதுக்கு முன்னாடி கார்புரேட்டர் ஸ்க்ரூவ அரைச் சுத்து தளத்தி வெச்சிட்டேன். பத்து நாள் ஓடும், அப்புறம் தெணறி நிக்கும். நான் வருவேன். சரி பண்ணுவேன். மறுபடி அரைச் சுத்து."

பராஸ்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன தடவ?"

"ஏழு."

"உன்ன உருப்படாத மெக்கானிக்னு அப்பா ஊர் பூரா சொன்னாரே!"

"சொன்னாரு. தாங்கிக்கிட்டேன்." அவன் முகம் இப்போதுதான் சிவந்தது. "இந்தப் பள்ளத்தாக்குல என் கை பட்ட ரம்பம் திரும்பி வந்ததில்லன்னு சொல்றாங்கல்ல? ஒண்ணு வந்துச்சு. ஏழு தடவ வந்துச்சு. அத வெளிய சொன்னா என் தொழிலுக்கு இழுக்குன்னுதான் இத்தன வருஷமா வாய மூடிட்டிருந்தேன். உன் சன்சியானா ஜூன்ல. நான் ஆரம்பிச்சது பிப்ரவரில."

எங்கள் பள்ளத்தாக்கின் மிகச்சிறந்த ரம்ப மெக்கானிக், தான் சுதந்திர மனிதன் என்பதை நிரூபிக்க, தான் வேண்டுமென்றே மோசமாக வேலை செய்தவன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். பராஸ்காவுக்கு அதன் எடை தெரியும். சக்கர விளிம்பு துடைப்பவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆனாலும் அவள் பராஸ்கா.

"ஏழு தடவ வந்த," என்றாள் மெதுவாக. "ஏழு தடவயும் எங்கப்பாகிட்ட ரம்பத்தப் பத்திப் பேசிட்டுப் போன. நான் காபி வெச்சுக் குடுத்தா தலைய நிமித்தாம குடிச்ச. சன்சியானா வெள்ளிக்கிழமை நான் மந்திரம் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, கையில ரம்பமே இல்லாம, வேலி தாண்டிக் குதிச்சு வந்து பொண்ணு கேட்ட. அந்த எட்டாவது தடவ யார் அனுப்பினது?"

கவ்ரிலா யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"அன்னிக்கு மழ," என்றான் கடைசியில். "ஒதுங்க வந்தேன்."

முதலில் சிரித்தது யார் என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பராஸ்கா எழுந்தபோது கவ்ரிலா சொன்னான்:

"அழிக்க வேணாம். அழிச்சா பயந்துட்டான்னு சொல்லுவாங்க. பேர் இருக்கட்டும். ஆனா என் பதிலும் அதுல இருக்கணும்."

அடுத்த வாரம் சபீனா ஒலிவாங்கியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் எங்கள் ஆண்கள், தொண்டை நரம்பு புடைக்க ஈரடி கட்டிக் கூவுவார்கள். பாடுவது என்று அதைச் சொல்ல முடியாது, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல இருக்கும். கவ்ரிலா முப்பது வருடமாகக் கூவியதில்லை. பட்டறை நடுவில் காலை அகட்டி நின்று கூவினான்:

*திருகாணி தளர வெச்சேன், தினந்தோறும் வழி பார்த்தேன்,*
*மந்திரம் நீ சொல்லும் முன்னே மனச அங்கே போட்டு வெச்சேன்!*

ஒலிப்பதிவுக் கருவியின் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தாளத்துக்கும் கூவலுக்கும் சம்பந்தமே இல்லை.

"அண்ணா, கொஞ்சம் தாளத்துக்குள்ள…" என்று இழுத்தாள் சபீனா.

"தாளத்துக்குள்ள வந்தா அதுவும் அவ கூப்பிட்டு வந்த மாதிரி இருக்கும்," என்றான் கவ்ரிலா.

சபீனா அவனைப் பார்த்தாள், பராஸ்காவைப் பார்த்தாள். ஒன்பதாவது "கவ்ரிலா"வுக்கு அப்புறம் தாளத்தை அடியோடு நிறுத்திவிட்டு, அந்த மௌனத்தில் கூவலைத் தனியாக விடுவது என்று முடிவுசெய்தாள். பாட்டின் உயிரே அந்த இடம்தான் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கையெழுத்தும் பட்டறை மேசையில், ரம்பச் சங்கிலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போடப்பட்டன.

பிப்ரவரி இருபத்து நான்கு எங்கள் காதலர் நாள். அடுத்த வருடம் அது ஞாயிறாக அமைந்தது. சிகெத் கலாசார மண்டபத்தில் மத்தியானம் மூன்று மணிக்குப் பாட்டின் முதல் மேடை. ஊராட்சித் தலைவர் பேருந்தை எடுத்துக்கொள்ள அனுமதித்தார், தானும் ஏறிக்கொண்டார். பாதிரியார் வரவில்லை, பாதிரியாரின் மனைவி வந்தாள். கவ்ரிலா வெள்ளைச் சட்டையும், உச்சந்தலையில் ஒட்டாமல் நிற்கும் சின்ன வைக்கோல் தொப்பியுமாக, பனியில் அந்தத் தொப்பி எதற்கு என்று கேட்ட எல்லோரையும் முறைத்துக்கொண்டு வந்தான்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. முடியில் நீலச் சாயம் பூசிய பெண்கள், மூக்கில் வளையம் போட்ட பையன்கள். நிகழ்ச்சியின் நடுவில் சபீனா அந்தப் பாட்டைத் தொடங்கினாள். பராஸ்காவின் கிசுகிசுப்பு தூண்களுக்கு நடுவே இறங்கியபோது, பராஸ்கா தன்னையறியாமல் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் பக்கத்தில் நின்ற நஸ்தாகா வாயைத் திறந்தபடி நின்றாள், எதுவும் சொல்லாமல். நஸ்தாகா எதுவும் சொல்லாமல் நின்றதை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு பெயர் வந்தது. சபீனா ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். பாட்டு முந்தின வாரமே இணையத்தில் வந்திருந்ததால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"கவ்ரிலா!"

ஆயிரம் தொண்டை. மறுபடி. மூன்றாம் முறை தரை அதிர்ந்தது. நான்கு, ஐந்து. ஆறாவதில் ஊராட்சித் தலைவரும் சேர்ந்துகொண்டார். கவ்ரிலா சிலைபோல நின்றான். காதுமடல் மட்டும் செக்கச் சிவந்திருந்தது. ஏழு, எட்டு. ஒன்பது.

தாளம் நின்றது. அந்த மௌனத்தில் பதிவுசெய்த கூவல் வரவேண்டும். வரவில்லை, சபீனா மேடையில் கையைக் கட்டிக்கொண்டு, நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டிருந்தாள். திருடி.

பராஸ்கா கணவனைத் தொடவில்லை, தூண்டவில்லை, உதட்டைக்கூட அசைக்கவில்லை. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றாள். இதை மட்டும் யாரும் தன் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்று அவளுக்கு இருந்தது.

இரண்டு மூச்சு. மூன்று. கவ்ரிலா தொப்பியைக் கழற்றி நஸ்தாகாவின் கையில் திணித்தான். முன்னால் இருந்த நாற்காலியில் ஏறினான். அது ஆடியது, ஆடட்டும் என்று விட்டான். காலை அகட்டி, கழுத்தைப் பின்னுக்குத் தள்ளி, மண்டபத்தின் கூரைக்குக் கூவினான், இரண்டடியையும், ஒரு சொல் பிசகாமல், தாளம் எதற்கும் உட்படாமல்.

கைதட்டலில் கூரை பிய்ந்தது.

நீல முடிக்காரி ஒருத்தி பராஸ்காவின் காதருகே குனிந்து கத்திக் கேட்டாள்: "அந்த கவ்ரிலா இவருதானா? நெஜமான ஆளா?"

"நெஜமான ஆளுதான்," என்றாள் பராஸ்கா. கூட்டத்தின் இரைச்சலில் தானும் கத்தவேண்டியிருந்தது. "அவனா ஏறினான். நீயே பாத்தல்ல? நான் ஒண்ணுமே பண்ணல."